கம்பி நீண்டால் காது நீளுமா?

(இரண்டாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)



கைபேசி யுகத்தில் ரேடியோவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் கொடுங்கள். இது உங்கள் தெருவுக்கும் வரப்போகிற கேள்விதான்.

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். டிப்ளமோ சேர்ந்த அன்றிலிருந்தே நமக்குத் தெருவில் ஒரு உத்தியோகம் கிடைத்துவிடுகிறது. சம்பளமில்லாத ஆலோசகர் உத்தியோகம்! "எந்த ஃபேன் நல்லது? இந்த மிக்ஸி ஏன் சூடாகுது? இன்வெர்ட்டருக்கு எந்த பேட்டரி?" என்று வரிசையாக வந்து நிற்பார்கள். முதல் செமஸ்டர் தேர்வு கூட நாம் எழுதியிருக்க மாட்டோம். ஆனால் அவர்கள் நம் வாயைப் பார்த்துத்தான் பணத்தை எடுப்பார்கள். மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில், கடலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. எங்கள் அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். அவர் என்னிடம் கேட்டது இது:

"டேய், தூரத்து ஸ்டேஷனெல்லாம் எடுக்கற மாதிரி ஒரு ரேடியோ வாங்கணும். கம்பி நீளமா இருக்கறதா பாத்துச் சொல்லு."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. கம்பி நீளமாக இருந்தால் தூரத்து நிலையம் வரும் என்பது எங்கள் குப்பத்தில் மட்டுமல்ல, நம் விடுதியிலும் பலருடைய நம்பிக்கை. கடைக்காரர்களும் அந்தக் கம்பியைச் சர்ரென்று இழுத்துக் காட்டித்தான் வியாபாரம் செய்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரத்து ஏ.எம். கேட்பதற்கு அந்தப் பளபளக்கும் கம்பிக்குக் காசு கொடுக்காதீர்கள். பெட்டிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் கறுப்புக் குச்சிக்கும், பக்கத்து நிலையத்தை விலக்கும் திறமைக்கும் காசு கொடுங்கள். மிச்சத்தை நம் கையாலேயே செய்துகொள்ளலாம். அப்படிப்பட்ட ஒரு செட் ஒவ்வொரு குப்பத்திலும் ஒவ்வொரு விடுதியிலும் இருக்க வேண்டும்.

தூரத்து நிலையம் எதற்கு?

"சென்னை எஃப்.எம். தெளிவாகக் கேட்கும்போது தூரத்து நிலையம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாதாரண நாளில் தேவையில்லைதான்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன் 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னைக்குப் பக்கத்தில் கரையேறியபோது, இந்த வட்டாரத்தில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து பல இடங்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. கைபேசிக் கோபுரம் எதைத் தின்று உயிர் வாழ்கிறது? கரண்டையும், அது போனால் பேட்டரியையும், அதுவும் தீர்ந்தால் டீசலையும்தான். மூன்றும் தீர்ந்தால் கையில் இருக்கும் கைபேசி வெறும் டார்ச் லைட். சார்ஜ் இறங்கினால் அதுவும் இல்லை!

புயல் அடிக்கும் ஊரின் நிலையம் தடுமாறலாம். ஆனால் முந்நூறு, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலையத்தை அதே புயல் அதே நேரத்தில் அடிப்பதில்லை. பக்கத்து விளக்கு அணைந்தால் தூரத்து விளக்கைப் பார்த்துத்தானே கரை சேர வேண்டும்? தூரத்து நிலையம் நமக்குத் தேவைப்படுவது அந்த இரவுக்காக.

இன்னொன்று. 2017 நவம்பர் 30-ல் கன்னியாகுமரிப் பக்கம் ஒக்கி புயல் வந்தபோது, ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போய்விட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை என்பது பெரிய குறையாகப் பேசப்பட்டது. கரையிலிருந்து சில மைல் தாண்டினால் கைபேசி சிக்னல் அறுந்துபோகும். படகில் வி.எச்.எஃப். கருவி இருப்பது நல்லது, அவசியமும் கூட. ரேடியோ அதற்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. ரேடியோவால் நாம் பதில் பேச முடியாது. ஆனால் இரண்டு பேட்டரிக் கட்டையில் வாரக்கணக்கில் ஓடுகிற, மாதக் கட்டணம் கேட்காத கருவி வேறு எது இருக்கிறது?

நம் முன்னோர் கேட்ட தூரம்

தூரம் கேட்பது நமக்குப் புதிதல்ல. 1924-லேயே சென்னை மாகாண ரேடியோ கிளப்பை சி.வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கி, அந்த ஆண்டு ஜூலை 31-ல் ஒலிபரப்பை ஆரம்பித்தார். பணத் தட்டுப்பாட்டால் 1927-ல் அது நின்றது. பிறகு 1930-ல் சென்னை மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்கள் கேட்பதற்காக மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

அந்தப் பக்கம் கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய ஒலிபரப்பு பின்னால் ரேடியோ சிலோன் ஆனது. 1950-களில் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் நம் வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, இந்தியாவே இலங்கைப் பக்கம் காதைத் திருப்பியது. மக்கள் அங்கே போய்விட்டதைப் பார்த்துத்தான் 1957 அக்டோபர் 3-ல் விவிதபாரதி பிறந்தது. அதாவது, சாதாரண ஜனங்கள் ரேடியோவின் குமிழைத் திருப்பியே ஒரு அரசாங்கத்தின் கொள்கையைத் திருப்பியிருக்கிறார்கள்! தபால் ஆபீசில் கட்டணம் கட்டி ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்த காலம் அது. அவர்களில் எத்தனை பேர் எலக்ட்ரானிக்ஸ் படித்தார்கள்? செட்டை எந்தப் பக்கம் திருப்பினால் கொழும்பு வரும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். டிப்ளமோ படிக்கும் நமக்கு அது ஏன் என்றும் தெரிய வேண்டாமா?

கம்பி ஏன் உதவாது?

சென்னை நிலையத்தை மக்கள் காலம்காலமாகக் கேட்ட இடம் 720 கிலோ ஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இதால் வகுத்தால் அலைநீளம் சுமார் 417 மீட்டர். செட்டின் மேலே இருக்கும் கம்பியை முழுக்க இழுத்தாலும் ஒரு மீட்டர் வராது. அது போகட்டும். பெரும்பாலான சிறிய செட்டுகளில் அந்தக் கம்பிக்கும் ஏ.எம். பகுதிக்கும் தொடர்பே கிடையாது. அது எஃப்.எம்.முக்கும் சிற்றலைக்கும் உள்ளது. மத்திய அலை என்கிற மீடியம் வேவுக்கு ஏரியல், பெட்டிக்குள்ளே செப்புக் கம்பி சுற்றிய ஃபெரைட் குச்சி. நம் ஆய்வகத்தில் பழைய ரேடியோவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். நீளமும் தடிமனும் கூடக் கூட அது அலையைக் கூடுதலாக வாரி எடுக்கும்.

அந்தக் குச்சிக்கு ஒரு குணம் உண்டு. அதன் பக்கவாட்டைப் பார்த்து வரும் நிலையத்தை நன்றாகப் பிடிக்கும். அதன் இரண்டு முனைகள் நோக்கும் திசையில் இருப்பதைப் பிடிக்காது. கம்பியை இழுத்து ஆட்டுவதற்குப் பதில் செட்டையே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் ஒலி ஓங்கும், ஒரு இடத்தில் அடங்கும்.

பகலில் மத்திய அலை தரையைத் தழுவிக்கொண்டு போகிறது. இங்கேதான் நம் கடற்கரைக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. கடல்நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமென்ஸ். வறண்ட பாறை நிலத்தில் அது ஒரு சீமென்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே நிலத்தின் மேல் சீக்கிரம் களைத்துப்போகும் அதே அலை, உப்புத் தண்ணீரின் மேல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். எஃப்.எம். கண்ணுக்கெட்டும் தூரத்துச் சமாச்சாரம். கடலில் கோபுரம் மறைந்தால் சிறிது தூரத்தில் அதுவும் மறையும்.

இரவில் வேறு கதை. மேலே வானத்தில் டி அடுக்கு என்று ஒன்று பகலில் மத்திய அலையை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. சூரியன் மறைந்ததும் அது கரைகிறது. அதற்கும் மேலே உள்ள அடுக்குகள் அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்புகின்றன. அதனால்தான் பகலில் காணாத நிலையங்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கின்றன. ரேடியோவைப் பகலில் கடையில் சோதித்து, "தூரம் எடுக்கலியே" என்று சொல்வது, மத்தியானத்தில் நட்சத்திரம் தேடுகிற மாதிரி.

ஒரே கோட்டில் மாட்டிய நாம்

நான் வரைபடத்தில் அடிக்கோல் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மாமல்லபுரத்திலிருந்து பார்த்தால் சென்னை நிலையத்தின் ஒலிபரப்பிகள் இருந்த ஆவடி ஏறக்குறைய நேர் வடக்கு. இலங்கை ஏறக்குறைய நேர் தெற்கு. திரிகோணமலையும் புத்தளமும் நம்மிடமிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் சுற்றளவில்தான் உள்ளன, நடுவில் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். புத்தளத்தில் 882 கிலோ ஹெர்ட்ஸுக்கு என்று அமைந்த ஒலிபரப்பியின் சக்தி மட்டும் 400 கிலோவாட்.

இதனால் ஒரு சிக்கல். குச்சியின் முனையை வடக்கே காட்டிச் சென்னையை அடக்கினால், அதன் மறுமுனை தெற்கே காட்டும். இலங்கையும் சேர்ந்து அடங்கிவிடும்! வேறு ஊர்க்காரர்கள் செட்டைத் திருப்பியே தப்பித்துக்கொள்ளலாம். நமக்கு அது பலிக்காது. பக்கத்தில் உறுமும் பெரிய நிலையத்தை விலக்கி, தூரத்து மெல்லிய குரலைப் பிரித்தெடுக்கும் திறமை செட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். நாம் பாடத்தில் 'செலக்டிவிட்டி' என்று படித்து ஐந்து மார்க்குக்கு எழுதுகிறோமே, அதேதான். நம் வட்டாரத்தில் அது ஐந்து மார்க் கேள்வி அல்ல, வாங்கலாமா கூடாதா என்கிற கேள்வி.

அதே சமயம் பெங்களூரு நமக்கு மேற்கே, போர்ட் பிளேர் கிழக்கே, திருச்சி தென்மேற்கே. அந்தத் திசைகளுக்கு வடக்கு தெற்காகக் குச்சியை வைத்தால் சென்னை அடங்கி அவை மேலெழும் வாய்ப்பு உண்டு. திசை தெரிந்தவனுக்கு ஒரே செட் இரண்டு செட்.

கடையில் என்ன பார்ப்பது?

எங்கள் சித்தப்பா ஒரு கடையில் "பத்து பேண்டு" என்று சொன்னதை நம்பி ஒரு செட் வாங்கினார். அந்தப் பத்தில் எட்டு, சிற்றலையைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டியவை. ஏ.எம். ஒன்றே ஒன்று, அதுவும் சென்னையைத் தாண்டி எதையும் எடுக்கவில்லை. சிற்றலையில் பெரியவர்கள் தேடும் பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30-உடன் வானொலியில் நின்றுவிட்டது. ஆகவே பேண்டு எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். நான் அப்பாவுக்குச் சொன்ன பட்டியல் இதுதான்:

ஒன்று, அளவு. சட்டைப் பையில் அடங்கும் செட்டில் குச்சி விரல் நீளம்தான் இருக்கும். சாப்பாட்டு டப்பா அளவுள்ள, அகலமான செட்டை எடுங்கள். குச்சி பெரும்பாலும் செட்டின் நீளவாக்கில்தான் படுத்திருக்கும். பெட்டி அகலமாக இருந்தும் உள்ளே குட்டிக் குச்சி வைப்பவர்களும் உண்டு. ஆகவே அடுத்த சோதனை அவசியம்.

இரண்டு, பிரிக்கும் திறன். கடைக்குள் எல்.இ.டி. விளக்குகளின் இரைச்சல் இருக்கும். செட்டை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். வலுவாகக் கேட்கும் உள்ளூர் நிலையத்தில் முள்ளை வைத்து, மெல்ல நகர்த்துங்கள். இரண்டு மூன்று நிலைய இடைவெளிக்குள் அது மறைந்தால் நல்ல செட். டயலில் பாதி தூரம் கூடவே வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

மூன்று, 9 கிலோ ஹெர்ட்ஸ் படி. எண் காட்டும் டிஜிட்டல் செட் என்றால் இது முக்கியம். நம் நாட்டில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன. அமெரிக்காவில் 10. வெளிநாட்டு செட் 10-ல் வைக்கப்பட்டிருந்தால் 720 சரியாக வரும், ஏனென்றால் அது இரண்டாலும் வகுபடும். ஆனால் திருச்சியின் 936-ம் தூத்துக்குடியின் 1053-ம் சரியாக உட்காராது. "செட் கோளாறு" என்று திருப்பிக் கொடுக்கும் முன் அந்தச் சின்ன அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

நான்கு, மின்சாரம். பேட்டரிக் கட்டையில் ஓட வேண்டும், அந்தக் கட்டை நம் ஊர்ப் பெட்டிக்கடையிலேயே கிடைக்க வேண்டும். உள்ளேயே பதித்த, கழற்ற முடியாத பேட்டரி உள்ள செட், கரண்ட் இல்லாத மூன்றாம் நாள் நம்மைக் கைவிடும். அதோடு சார்ஜரைச் செருகிக்கொண்டே ஏ.எம். கேட்டால் கேட்பது சார்ஜரின் சத்தம்தான்.

ஐந்து, காதில் மாட்டிக் கேட்கும் ஜாக். மெல்லிய நிலையத்துக்கு ஒலிபெருக்கியைவிட அது எவ்வளவோ மேல்.

பெயர் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெக்சன் பி.எல்.-380, பி.எல்.-310 இ.டி. போன்ற டி.எஸ்.பி. சிப் வைத்த செட்டுகளில் ஏ.எம். அலைப்பட்டையின் அகலத்தை 1 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 6 வரை நாமே குறைக்கலாம், கூட்டலாம். பிரிக்கும் திறனுக்கு அது பெரிய வரம். ஆனால் இறக்குமதிச் சரக்கு, எங்கள் வீட்டுக் கணக்குக்கு எட்டாது. இந்த வகை சிப்புகளில் சில, நிலையம் மெலிந்தால் ஒலியையும் தானே தணித்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சோனி, பானசோனிக், பிலிப்ஸ் போன்றவர்களின் முள் நகரும் அகலமான சாதாரண செட் ஒன்று, மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் போதும். அதன் குறையை ஈடுகட்ட நம்மிடம் ஒரு வித்தை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரைச்சல் என்னும் எதிரி

செட்டைவிட முக்கியம், அதை வைக்கும் இடம். நான் வாரத்தில் ஐந்து நாள் செங்கல்பட்டில், இரண்டு நாள் கடற்கரையில். ஒரே இரவல் செட்டை இரண்டு இடத்திலும் வைத்துக் கேட்டேன். செங்கல்பட்டு ஜங்ஷனைச் சுற்றி 25,000 வோல்ட் ரயில் கம்பிகள். விடுதியிலோ அறைக்கு ஆறு சார்ஜர், எல்.இ.டி. பல்பு, வராந்தாவில் இன்வெர்ட்டர். டயல் முழுக்க ஒரே 'கொர்ர்ர்'. அதே செட்டைக் கொளவாய் ஏரிக்கரைப் பக்கம் எடுத்துப்போனால் பாதி இரைச்சல் குறைந்தது. எங்கள் குப்பத்தில், வலை காயும் மணலில், கரண்ட் போன இரவில் வைத்தால்... அப்பப்பா! டயலில் காலி இடமே இல்லாத மாதிரி இருந்தது.

கடற்கரையிலும் எதிரி இல்லாமல் இல்லை. உப்புக்காற்று மின்கம்பத்துப் பீங்கான்களில் படிந்து, பனி இறங்கும் இரவில் சீறும். அந்தச் சீற்றம் ரேடியோவில் நன்றாகக் கேட்கும். ஆகவே கம்பத்துக்கு அடியில் உட்கார்ந்து ரேடியோவைத் திட்டாதீர்கள். இருபது முப்பது அடி தள்ளிப் போய்ப் பாருங்கள். வீட்டில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிய, பேட்டரியில் ஓடும் செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். அடங்கினால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். ஒவ்வொரு சார்ஜராகக் கழற்றிப் பிடித்துவிடலாம். செலவு ஒரு பைசா கிடையாது.

நாமே செய்யும் சட்ட ஏரியல்

இப்போது அந்த வித்தை. இரண்டு ரீப்பர் கட்டைகள், ஒவ்வொன்றும் 85 சென்டிமீட்டர். பெருக்கல் குறி மாதிரி நடுவில் இணையுங்கள். நான்கு முனைகளிலும் ஒரு சாண் அகலத்தில் குறுக்குத் துண்டு அடித்து, அதில் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் 13 வெட்டுகள் போடுங்கள். அந்த வெட்டுகளில் படியும்படி இன்சுலேஷன் உள்ள மெல்லிய ஒயரை 13 சுற்று சுற்றுங்கள். பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் உள்ள சதுரம் கிடைக்கும். ஒயர் சுமார் 32 மீட்டர் பிடிக்கும். அதன் இரண்டு முனைகளையும் 365 பிக்கோ ஃபாரட் அளவுள்ள கேங் கன்டென்சரில் இணையுங்கள். செத்துப்போன பழைய வால்வு ரேடியோவில் அது கிடைக்கும். ரிச்சி தெருவிலும் தேடிப் பார்க்கலாம். சிறிய பிளாஸ்டிக் கேங்தான் கிடைத்தது என்றால் அதன் மதிப்பு குறைவு, சுற்றுகளைக் கூட்ட வேண்டும். சுருளின் தூண்டல் சுமார் 235 மைக்ரோ ஹென்றி வரும். ஒத்ததிர்வுச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், கேங் முழுக்க மூடியிருக்கும்போது டயலின் கீழ்முனையான 531 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சூத்திரம் கையில் வந்து உட்காருகிற சுகம் தனி!

ரேடியோவுடன் இதை ஒயரால் இணைக்கவே வேண்டாம். உள்ளிருக்கும் குச்சி சட்டத்தின் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி செட்டைப் பக்கத்தில் வையுங்கள். மெல்லியதாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடித்துக்கொண்டு கேங்கை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு புள்ளியில் குரல் 'குபுக்' என்று மேலெழும். பிறகு செட்டையும் சட்டத்தையும் சேர்த்தே திருப்பித் திசை பாருங்கள். கடையில் விற்கும் டெக்சன் ஏ.என்.-200 என்ற வட்ட ஏரியலும் இதே தத்துவம்தான். எங்கள் கதம்பச் சட்டத்துக்கு ரீப்பர் மிச்சத் துண்டு, ஒயர் பழையது, கேங் ஒரு மெக்கானிக் அண்ணன் சும்மா கொடுத்தது.

எச்சரிக்கை ஒன்று. இது வீட்டுக்குள் வைக்கும் ஏரியல். மாடியில் நீளமாக ஒயர் கட்டுகிறேன் என்று யாரும் மின்கம்பிக்குப் பக்கத்தில் எதையும் வீச வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் வெளியே கட்டிய ஒயரைக் கையால் தொடவே கூடாது. மின்னலின் படபடப்பு ஏ.எம்.மில் கேட்டே தீரும். அதை எந்த செட்டாலும் தடுக்க முடியாது. வார்த்தையைப் பொறுக்கி எடுக்கக் காது பழக வேண்டும்.

மறுப்பவர்களுக்கு

நண்பர்கள் இரண்டு மறுப்புச் சொல்கிறார்கள். "வானொலி எல்லாம் ஆப்பிலேயே வருதேடா!" வருகிறது, டேட்டா உள்ள வரை. நான் பேசுவது டேட்டா இல்லாத இரவைப் பற்றி.

இரண்டாவது மறுப்பு கனமானது. "மத்திய அலை ஒலிபரப்பிகளையே நிறுத்திக்கிட்டு வர்றாங்க, நீ செட் வாங்கச் சொல்றியே?" உண்மைதான். நம் நாட்டில் பல ஊர்களில் பழைய ஒலிபரப்பிகள் மூடப்பட்டுவிட்டன. சில இடங்களில் டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறை வந்திருக்கிறது. அது சாதாரண செட்டில் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் உள்ள எண்களை வேதவாக்காக எடுக்காதீர்கள். வாங்கும் முன் ஒரு செட் இரவல் வாங்கி, உங்கள் ஊரில் மூன்று ராத்திரி, மூன்று விடியற்காலை கேளுங்கள். எந்த எண்ணில் எந்தக் குரல், எந்தத் திசையில் என்று நோட்டில் எழுதுங்கள். நாலு நிலையமாவது நம்பகமாக வந்தால் வாங்குங்கள். வராவிட்டால் காசு மிச்சம்.

எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்தோம். எங்கள் அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் குரலைக் கேட்டு "இது தமிழு, இது தெலுங்கு, இது சிலோன் தமிழு" என்று சொல்ல, நான் எழுதினேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான், கம்பி குட்டையான, பெட்டி அகலமான ஒரு செட்டை வாங்கினோம். கம்பி குட்டையாக இருக்கிறதே என்று அம்மாவுக்கு இன்னும் கூடக் குறைதான்! இரண்டாயிரம் ரூபாய் என்பது எங்கள் வீட்டில் நல்ல பாடு கிடைத்த ஒரு நாள் வருமானம், பாடு இல்லாத வாரத்தில் அரிசி. அதை என் சொல்லை நம்பி எடுத்துக் கொடுத்தார்கள். படித்தவன் சொல்லுக்கு அவ்வளவு விலை இருக்கும்போது, அந்தச் சொல்லை அளந்து பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

செய்ய வேண்டியது

மாணவர் சங்கத்துக்கு என் கோரிக்கை மூன்று. விடுதிக்குப் பேட்டரியில் ஓடும் ஒரு நல்ல ஏ.எம். செட். அதன் பக்கத்தில் சுவரில், மாதம் ஒருமுறை நாமே கேட்டுச் சரிபார்த்த நிலையங்களின் பட்டியல். மூன்றாவதாக, இறுதியாண்டு பிராஜெக்டுக்கு ஆயத்தப் பெட்டி வாங்கி ஒட்டுவதற்குப் பதில், இந்தச் சட்ட ஏரியலைப் பத்து செய்து கடற்கரைக் குப்பங்களில் கொண்டுபோய்க் கொடுப்பது. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை எத்தனை குப்பம்! நம் சர்டிபிகேட்டைப் படிக்கத் தெரியாதவர்கள் அங்கே நிறைய. ஆனால் புயல் இரவில் ஒரு குரல் தெளிவாகக் கேட்டால், அதை யார் செய்து கொடுத்தார்கள் என்று நினைவு வைத்துக்கொள்வார்கள்.

அடுத்த வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. ரீப்பர் கட்டை நான் கொண்டுவருகிறேன். பழைய ரேடியோவில் கேங் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள்!